படிக்கத் தெரியாத ஆள் தேவை

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் தன் சொந்தக் கையால், யாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளாமல் எழுதிக்கொள்வது.

இங்கு நாங்கள் மூவரும் சுகம். அங்கு உங்கள் முழங்காலும் உங்கள் பழைய ரேடியோவும் இருப்பதைவிட மோசமாகாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறோம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் என் குரல் கேட்டதும் "அவகிட்ட குடு" என்பீர்கள். கடிதத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது.

முதலில் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். வழக்கம்போலக் கண்ணாடியை எங்காவது மறந்து வைத்திருந்தால் தேடி எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஆமாம், நானேதான் எழுதுகிறேன். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், பதிவு அலுவலகத்தில், கல்யாணப் பதிவேட்டில் நான் கட்டைவிரலை மையில் தொட்டு வைத்தபோது, கூடியிருந்தவர்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி "போயும் போயும் என் தங்கச்சிய ஒரு கைநாட்டுக்குக் குடுத்திருக்கோமே" என்றீர்களே, அந்தக் கைநாட்டு. அன்று சாட்சிக் கையெழுத்துப் போட நீங்கள் சட்டைப் பையிலிருந்து தங்க நிறப் பேனாவை எடுத்தீர்கள். அதில் மை தீர்ந்திருக்கிறது என்று மறுபடி பையில் செருகிவிட்டு, பதிவாளரின் பேனாவை வாங்கி ஸ்பிரிங் மாதிரி ஒன்றைச் சுழற்றிவிட்டீர்கள். "இது என்ன பேர் சார்?" என்று அவர் கேட்டதற்கு, "பெரிய கையெழுத்து அப்படித்தான் இருக்கும்" என்றீர்கள். எதையும் நான் மறக்கவில்லை. எழுதி வைக்கத் தெரியாதவனுக்கு ஞாபகம் மட்டும்தானே பெட்டி.

இந்தக் கடிதத்தைத் தொடங்கி இன்று மூன்றாவது நாள். சாப்பாட்டு மேஜையில் எழுதுகிறேன். சாப்பாட்டு வேளையில் கடிதத்தை மடித்து வைக்க வேண்டும் என்பது உங்கள் தங்கையின் சட்டம். எழுத்துகளோடு எனக்கு இன்னும் முழுச் சமாதானம் ஆகவில்லை. ரெண்டு சுழி ன, மூணு சுழி ண இரண்டும் என்னை நிறையவே படுத்துகின்றன. மூன்றாவது மாடிக்குப் போக வேண்டியவரை இரண்டாவதில் இறக்கிவிட்டால் என்ன கதி என்று லிஃப்டில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாதா, அதனால் ஒவ்வொரு சுழியையும் எண்ணி எண்ணிப் போடுகிறேன். ஔ என்று ஒன்று இருக்கிறது, வருஷத்தில் இரண்டு நாள்கூட வேலைக்கு வருவதில்லை. ஆனால் வரிசையில் மட்டும் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறது. எங்கள் அலுவலகக் கட்டடத்திலும் அப்படி ஒருவர் எட்டாவது மாடியில் இருந்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மருமகள், அதாவது என் மகள், என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் நாம் எல்லோரும் "கம்ப்யூட்டர்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவோம், இல்லையா. நான் ஒருநாள் அவளை உட்கார வைத்து முழுக்கக் கேட்டேன். இதுவரை மனுஷன்தான் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி நடந்துகொண்டானாம், பட்டனைத் தட்டினானாம், மவுஸை உருட்டினானாம். இனிமேல் அது நமக்குப் புரிகிற மாதிரி நடந்துகொள்ள வேண்டுமாம். வாயால் சொன்னால் கேட்க வேண்டும், கை காட்டினால் புரிந்துகொள்ள வேண்டும், கண் எங்கே போகிறது என்று பார்த்தே நமக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதுவும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கென்றே அவளும் நாலு பேரும் சேர்ந்து ஒரு பெட்டி செய்கிறார்கள். நான் சிரித்துவிட்டேன். "ஏம்மா, இதையேதான் நான் முப்பத்தொரு வருஷமாப் பண்ணிட்டிருந்தேன். ஏழுன்னு சொன்னா ஏழு, விரலைக் காட்டினா விரல் கணக்கு, ஒத்தைப் புருவத்தைத் தூக்கினா ஆறாம் மாடி வக்கீல். ஒருத்தரும் வாயைத் திறக்க வேண்டாம். நானே ஒரு கம்ப்யூட்டராத்தானே இருந்தேன், எனக்கு யாரும் கரண்ட் கனெக்‌ஷன் குடுக்கலையே" என்றேன். அவள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் அந்த யோசனையைச் சொன்னாள்.

அவர்களிடம் எல்லாம் இருந்ததாம். கேமரா இருந்தது, மைக் இருந்தது, ஏசி அறை இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஆள் ஒருவர்தான் கிடைக்கவில்லை. "படிக்கத் தெரியாத ஆள் தேவை" என்று பெரிய எழுத்தில் அச்சடித்து நாலு தெருவில் ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு மாதம் காத்திருந்தும் ஒருவரும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் கேட்ட பிறகுதான், நோட்டீஸை யார் படிப்பார்கள் என்பதே படித்த ஐந்து பேருக்கும் உறைத்தது. "அப்பா, நீங்க இருக்கறது எங்க அதிர்ஷ்டம்" என்றாள். மச்சான், இத்தனை வயதில் முதல்முதலாக, எனக்குத் தெரியாத ஒன்று ஒருவருக்கு அதிர்ஷ்டமாக இருந்தது. நான் அன்று முழுவதும் கால் தரையில் படாமல் நடந்தேன்.

கூடத்தில் டிவி இருந்த இடத்தில் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். டிவி படுக்கையறைக்குப் போனதில் உங்கள் தங்கைக்கு முதல் நாளே அதன் மேல் கோபம். எனக்கு அது வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஆள் மாதிரி தோன்றியதால் ஜூனியர் என்று பெயர் வைத்தேன். பெண் குரல்தான், இருந்தாலும் ஜூனியர். எனக்குக் கழுத்தில் தொங்கவிட ஒரு அட்டையும் கொடுத்தார்கள். என் போட்டோ, அதற்குக் கீழே இரண்டு வரி எழுத்து, ஓரத்தில் 1 என்று எண். எண் மட்டும் எனக்குத் தெரியும், அது என் தொழில். முதலாவது அதிகாரி என்று நானாக நினைத்துக்கொண்டு, கடைக்கு, டாக்டரிடம், தெருமுனைக் கூட்டத்துக்கு என்று எங்கே போனாலும் மாட்டிக்கொண்டு போனேன். எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துப் பிரியமாகச் சிரித்தார்கள்.

முதல் மாதம் ஜூனியர் எங்களைப் புரிந்துகொள்ளப் பட்ட பாடு இருக்கிறதே. "உங்கள் பழைய புகைப்படங்களைக் காட்டவா?" என்று கேட்டது. எனக்கு இஷ்டமில்லை, மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லக் கூடாதே என்று "பார்க்கலாம்" என்றேன். உடனே காட்ட ஆரம்பித்துவிட்டது. நாம் பார்க்கலாம் என்றால் பார்க்க மாட்டோம் என்று அதற்கு யார் சொல்லித் தருவது? கடைக்குக் கிளம்பும்போது பழக்கதோஷத்தில் அதனிடமும் "வர்றேன்" என்றேன். வருகிறேன் என்றவர் வெளியே போய்விட்டாரே என்று குழம்பி, நான் திரும்பும்வரை பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் "இன்னும் வரவில்லை" என்று உங்கள் தங்கையிடம் புகார் செய்திருக்கிறது. அவள் பொறுக்க முடியாமல் "கொஞ்சம் வாயை மூடு!" என்று கத்த, அது அந்தக் கணமே அணைந்துபோனது. அவளுக்குக் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. "கல்யாணமானதுலேருந்து இந்த வீட்டுல நான் சொன்னதும் வாயை மூடினது இது ஒண்ணுதான்" என்று அன்று முதல் ஜூனியரைத் துடைத்து வைக்க ஆரம்பித்தாள். இன்னொரு நாள் என் மூக்கைச் சுற்றி ஒரு கொசு. ஒருதரம் கையை வீசி விரட்டினேன், பிறகு இரண்டு கையாலும் பட்டென்று அடித்தேன். கையை வீசினால் "அடுத்த பெயர்" என்றும் கை தட்டினால் "சரி, அனுப்பு" என்றும் அர்த்தமாம். கொசு தப்பித்துவிட்டது. உங்கள் மருமகள், மேலாளர் எப்பேர்ப்பட்ட தொல்லை என்று தோழிக்கு எழுதி வைத்திருந்தது மேலாளருக்கே போய்ச் சேர்ந்தது.

இதற்கெல்லாம் மேலே ஒன்று. உங்கள் தங்கை காய் நறுக்கிக்கொண்டே பேசுவாள், நான் ம் கொட்டுவேன், இது எங்கள் வீட்டு மின்விசிறிச் சத்தம் மாதிரி நிற்காமல் நடப்பது. அன்று அவள் "கால் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, உயிரே போகுது" என்றாள். ம் என்றேன். ஜூனியர் மெல்லிய குரலில் "ஆம்புலன்ஸை அழைக்கவா?" என்று கேட்டிருக்கிறது. அதுவும் அவள் பேச்சில் ஒரு பகுதி என்று நினைத்து அதற்கும் ம் என்றேன். கால் மணி நேரத்தில் வாசலில் வண்டி. ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் உள்ளே ஓடிவந்து, "யாருக்கும்மா உயிர் போகுது?" என்றார்கள். உங்கள் தங்கை கத்தியைக் கீழே வைக்காமலே "எனக்குத்தான், முப்பத்தெட்டு வருஷமாப் போகுது, இப்பத்தான் வர்றீங்க?" என்றாள். உங்கள் மருமகள் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள்: பார்க்கலாம் என்றால் வேண்டாம், வர்றேன் என்றால் போகிறேன், ம் என்றால் காதில் விழவில்லை. "அப்பா, நீங்க சொல்றதுக்கெல்லாம் எதிர்ப்பதம் போட்டாத்தான் சரியா வருது" என்றாள்.

அப்புறம் கண் வேலை ஆரம்பித்தது. திரையில் எழுத்து வரும். நான் எந்தச் சொல்லில் கண்ணை வைக்கிறேனோ, அரை விநாடி பொறுத்து ஜூனியர் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லும். கதவு மேல் கண்ணை வைத்தால் கதவு என்னும். மழை மேல் வைத்தால் மழை. படிக்கத் தெரியாதவன் படிக்காமலே படித்த பலனை அடைய வேண்டும் என்பது திட்டம். மச்சான், நீங்களே சொல்லுங்கள், ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, சலிக்காமல், அதட்டாமல், தலையில் குட்டாமல், ஒரு நாளைக்கு நாலு மணி நேரம், நீங்கள் பார்க்கிற ஒவ்வொரு சொல்லையும் உங்கள் காதில் ஓதினால் என்ன ஆகும்? இரண்டு மாதத்தில் மழையைத் தூரத்திலிருந்து பார்த்தாலே அடையாளம் தெரிந்தது. மழையில் இருக்கிற ழ, பழத்திலும் இருந்தது. மூன்றாம் மாதம் ஜூனியர் வாயைத் திறப்பதற்குள் நான் மனசுக்குள் சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவேன். படிக்கத் தேவையே இல்லாமல் செய்ய வந்த பெட்டி எனக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டது. யாரும் இல்லாத நேரத்தில் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதியும் பழகினேன். இது யாருக்கும் தெரியாது. அதற்கும் தெரியாது.

வெளி உலகத்தில் நான் படித்த முதல் சொல் டாக்டர் வீட்டுக் கண்ணாடிக் கதவில் இருந்தது. தள்ளு. பதினாறு வருஷமாக அந்தக் கதவை இழுத்துக்கொண்டிருந்தேன், கம்பவுண்டர் எழுந்து வந்து திறந்துவிடுவார். அன்று தள்ளினேன். அவர் எழுந்த வேகத்தில் அப்படியே நின்றுவிட்டார். அங்கிருந்து நேரே பஸ் ஏறி என் பழைய கட்டடத்துக்குப் போனேன். லிஃப்ட் இப்போது தானாகவே ஓடுகிறது, ஸ்டூல் இல்லை. ஆனால் என் தலைக்கு மேலே முப்பத்தொரு வருஷம் தொங்கிய பித்தளைப் பலகை அங்கேயே திருகி வைத்தபடி இருந்தது. லிஃப்டில் ஏறுகிற ஒவ்வொருவரும் முதலில் அதைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள், அப்புறம் வாயை இறுக்கிக்கொள்வார்கள். என் பெயரும் பதவியும் போட்டிருக்கும் போலிருக்கிறது, அந்த மரியாதைதான் என்று இருந்தேன். நாலு மாடி ஏறி இறங்கி எழுத்துக் கூட்டிப் படித்தேன். "லிஃப்ட் இயக்குபவரிடம் பேசக் கூடாது." மச்சான், ஒற்றைப் புருவம், இரண்டு விரல், தலையசைப்பு, எல்லாம் அதனால்தான்! ஆறாம் மாடி வக்கீலுக்கு வாய் பேச வராது என்றே நான் நினைத்திருந்தேன். கூட வந்தவர்கள் பத்தாவது மாடி வரை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள், நான் சிரித்த சிரிப்பு அப்படி. வெளியே வந்ததும் கழுத்திலிருந்த அட்டையை எடுத்துப் பார்த்தேன். முன்பே பார்த்திருக்க வேண்டும், ஆனால் நம் கழுத்தில் தொங்குவது நமக்குத் தலைகீழாகத்தானே தெரிகிறது. திருப்பிப் பிடித்துப் படித்தேன். "எழுத்தறியாப் பயனர்". இதை மாட்டிக்கொண்டுதான் தெருமுனைக் கூட்டத்தில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

ஏன் வாயைத் திறந்து சொல்லவில்லை என்று கேட்பீர்கள். எப்படிச் சொல்வது? மேலிடத்திலிருந்து ஒரு அம்மா சோதனை பார்க்க வரவேண்டியிருந்தது. அவர் சரி என்றால்தான் வேலை தொடரும். இல்லையென்றால் உங்கள் மருமகளும் கூட இருக்கிற நாலு பேரும் பழையபடி காதில் மைக்கை மாட்டிக்கொண்டு, யார் வீட்டுத் துவைக்கும் மெஷின் ஏன் சுற்றவில்லை என்று போனில் பதில் சொல்லப் போக வேண்டும். அந்த வேலையில் இருந்தபோது வீட்டுக்கு வந்தால் அவள் யாரிடமும் பேச மாட்டாள், பேசிப் பேசித் தீர்ந்திருப்பாள். இப்போதுதான் சாப்பிடும்போது தானாகப் பேசுகிறாள். அவளுடைய நம்பிக்கை முழுவதும் எனக்கு ஒன்றும் தெரியாது என்பதன் மேல் நின்றது. அதனால் தெரியாத மாதிரியே இருப்பது என்று முடிவு செய்தேன். இது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது. எழுத்து தெரிந்துவிட்ட பிறகு எழுத்தைப் பார்த்துவிட்டுப் படிக்காமல் இருப்பது விக்கலை அடக்குவது மாதிரி. படிக்காதவன் கண் முதலில் படத்துக்குத் தாவும். படித்தவன் கண் மாடு மாதிரி கோட்டோடு நடக்கும். நான் கண்ணாடி முன்னால் நின்று கண்ணைத் தாவ வைத்துப் பழகினேன். உங்கள் தங்கை கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னாள்.

சோதனை நாள் வந்தது. அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்து மாட்டியிருந்தார். அதிகம் பேசவில்லை. எனக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். உங்கள் மருமகள் சுவரோடு சுவராக நின்றாள், உங்கள் தங்கை அடுப்படி வாசலில். டாக்டரைப் பார்க்க நேரம் வாங்க வேண்டும், இதுதான் எனக்கு வைத்த வேலை. வாயால் சொன்னேன், கையை வீசினேன், எல்லாம் பிரமாதம். கடைசியில் திரையில் ஒரு பெரிய பத்தி வந்தது, டாக்டர் வீட்டு விதிமுறைகள். நான் ஒவ்வொரு சொல்லாகக் கண்ணை வைத்து, ஜூனியர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, அடுத்ததற்குப் போக வேண்டும். முதல் வரி பொறுத்தேன். இரண்டாம் வரியும் பொறுத்தேன். மூன்றாவது வரியில் "கதவைத் தள்ளித் திறக்கவும்" என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண் ஓடிவிட்டது. ஜூனியர் என் பின்னாலேயே ஓடிவந்து, "கத, தள், திற, நோயா, வரி" என்று பாதிப் பாதியாக விழுங்கி மூச்சு வாங்கியது.

அந்த அம்மா பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து ஏதோ எழுதி, வாயைத் திறக்காமல், என் முகத்துக்கு நேரே பிடித்தார். "உங்கள் சட்டையில் இரண்டாவது பொத்தான் கழன்றிருக்கிறது."

என் கை, மச்சான், இந்தக் கட்டைவிரல் இருக்கிற அதே கை, என்னைக் கேட்காமல் சட்டைக்குப் போய்விட்டது.

பொத்தான் சரியாகத்தான் இருந்தது.

"எத்தனை நாளா?" என்றார் அந்த அம்மா.

"எழுத்தாம்மா, பொத்தானா?"

"எழுத்து."

"மூணு மாசமா. பொத்தான் நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் பொய் எழுதிட்டீங்க" என்றேன். எழுத்தும் பொய் சொல்லும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அந்த அம்மாவுக்கு உதடு லேசாகத் துடித்தது, சிரிப்பா கோபமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. உங்கள் மருமகளிடம் திரும்பி, "இது படிக்காதவங்களுக்கு உதவுமான்னு பார்க்க வந்தேன். இவர் படிச்சவர். இந்தச் சோதனை செல்லாது. மூணு வாரம் தர்றேன், நிஜமாவே தெரியாத ஒருத்தரைக் கொண்டுவாங்க" என்றார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து ஜூனியரைச் சுட்டி, "இதுவா கத்துக்குடுத்துச்சு?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். நின்றபடியே நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். தலைகீழாகப் படிக்க எனக்கு இன்னும் வரவில்லை.

உங்கள் மருமகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "ஏம்ப்பா சொல்லல?" என்றாள். "எனக்குத் தெரியாதுங்கறதை நம்பித்தானேம்மா நீ இருந்தே" என்றேன். என் கழுத்து அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதைப் படிச்சீங்களா?" என்றாள். "படிக்க வந்த முதல் நாளே. தெரிஞ்சேதான் மாட்டிக்கிட்டிருந்தேன்" என்று பொய் சொன்னேன். அதற்கு மேல் அவளால் கோபமாக இருக்க முடியவில்லை, என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

ஆனால் ஆள் வேண்டுமே. இந்த முறை நோட்டீஸ் வேண்டாம் என்று நானே வீடு வீடாகப் போனேன். இந்தத் தெருவில் படிக்கத் தெரியாதவர் ஒருவர்கூட இல்லையாம். துணி தேய்ப்பவர், "எனக்கா? நான் டாக்டர் எழுத்தையே படிப்பேன்" என்றார். எதிர்வீட்டுக்காரர் எனக்குக் காப்பி கொடுத்து அனுப்பினாரே தவிர ஒத்துக்கொள்ளவில்லை. நாலு நாள் அலைந்ததுதான் மிச்சம். வெறுத்துப்போய், சரி படித்தாவது பழகுவோம் என்று பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கினேன். அதில்தான் மச்சான், வீட்டுக்குப் போன் வரும்வரை நீங்கள் எனக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் இருக்கின்றன.

உங்கள் கடிதங்களை உங்கள் தங்கைதான் எனக்குப் படித்துக் காட்டுவாள். "அன்புள்ள மாப்பிள்ளைக்கு, தங்கள் நலம் நாடும்" என்று எவ்வளவு இனிமையாக இருக்கும் தெரியுமா. நானே எடுத்துப் படித்தேன். முதல் கடிதத்தில் "அந்த லிஃப்ட் கழுதையிடம் சொல்" என்று இருந்தது. இரண்டாவதில் நான் முண்டம். மூன்றாவது நன்றாக இருக்கிறது, அதில் நான் வெறும் மண்டு. அதுகூடப் பரவாயில்லை. இருபத்திரண்டு கடிதம், நாலு விதமான கையெழுத்து. ஒன்றில் கீழே, சின்ன எழுத்தில், பச்சை மையில் இப்படி இருந்தது: "இதுவரை உங்கள் மச்சான் சொல்லச் சொல்ல எழுதியது. கழுதை என்ற சொல்லை மட்டும் இரண்டு இடங்களில் குறைத்திருக்கிறேன். இப்படிக்கு, தபால் நிலைய வாசலில் எழுதிக் கொடுப்பவன்."

உங்கள் தங்கையைக் கூப்பிட்டேன். கடிதத்தைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணன் பள்ளிக்கூடத்துக்குப் போனதே மூணு நாள்தான். அந்தப் பேனாவுல மை இருந்ததே கிடையாது. கண்ணாடி அவர்கிட்ட இருந்தாத்தானே மறந்து வைக்கறதுக்கு? அவர் திட்டினதை எழுதறவர் குறைச்சு எழுதினார். எழுதினதை நான் குறைச்சுப் படிச்சேன். உங்ககிட்ட வந்து சேர்றப்ப நலம் மட்டும்தான் மிச்சம்." நானும் யோக்கியன் இல்லை மச்சான். "அந்தப் பேனாக்கார வெத்துவேட்டுக்கு எழுது" என்றுதான் ஒவ்வொரு பதிலையும் ஆரம்பிப்பேன். அவள் எழுதுவதை எட்டிப் பார்த்தாலும் எனக்கு என்ன தெரியும்? இரண்டு கைநாட்டுகள் நாம் வருஷக்கணக்காக ஒருவரையொருவர் வாய் நிறையத் திட்டியிருக்கிறோம், இரண்டு பேருக்கும் ஆசீர்வாதம் மட்டும்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த வேலையை எந்தப் பெட்டியும் செய்ய முடியாது என்று உங்கள் மருமகளிடம் சொன்னேன். அவள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஆகவே மச்சான், சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். கிளம்பி வாருங்கள். இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. அவள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் முதலில் கையில் வாங்கியது நீங்கள்தான், என்னை நெருங்கவே விடவில்லை. அவளுக்காக ஒரே ஒருநாள், ஒரே ஒரு அம்மா முன்னால் உட்கார்ந்து, "எனக்குப் படிக்கத் தெரியாது" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். யாரும் சிரிக்க மாட்டார்கள். நான் அன்று வீட்டில்கூட இருக்க மாட்டேன். அட்டையை மாற்றச் சொல்லிவிட்டேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நானே படித்துப் பார்த்து உங்களுக்கு உண்மையைச் சொல்கிறேன். ஒரே நிபந்தனை: பெட்டிக்கு முன்னால் ரொம்ப நேரம் உட்காராதீர்கள். ஒன்பது நாளுக்குள் நீங்களும் படித்துத் தொலைத்தால் அப்புறம் நம் குடும்பத்தில் தெரியாதவர் யாரும் பாக்கி இல்லை.

பெரியவராகிய உங்களுக்கு வயதில் சின்னவனின் வணக்கம். உங்கள் தங்கை தன் பங்குக்கு அன்பு சொல்லச் சொன்னாள், அதைக் குறைக்காமல் அப்படியே எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கையெழுத்தோடு,
உங்கள் மாப்பிள்ளை.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை என் மச்சானுக்குப் படித்துக் காட்டுகிற ஐயாவுக்கோ அம்மாவுக்கோ. ஐந்து நாள் உட்கார்ந்து எழுதி, உறையில் போடும்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது என்று நான் எழுதியிருப்பதை, நாலு பேர் நடுவில், அவருக்கு யாரோ ஒருவர் உரக்கப் படித்துத்தானே காட்ட வேண்டும். நோட்டீஸ் ஒட்டியவர்களைப் பார்த்துச் சிரித்தவன் நான். இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும், புதிதாக எழுதுகிறவன், மன்னிக்கவும். வாய்விட்டுப் படிக்கும் முன் மனசுக்குள் ஒருதரம் படித்துப் பார்க்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் தப்பித்தோம். மேலே உள்ள எதையும் அவருக்குப் படிக்க வேண்டாம். "எல்லோரும் நலம். மருமகளுக்கு மாமாவால் மட்டுமே ஆகக்கூடிய ஒரு பெரிய காரியம் இருக்கிறது. உடனே புறப்பட்டு வரவும். கண்ணாடி தேவையில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். "இத்தனை பக்கம் இருக்கே, அவ்வளவுதானா?" என்று கட்டாயம் கேட்பார். "அந்தக் கைநாட்டு இப்பத்தானே எழுதப் பழகுது, எழுத்து ரொம்பப் பெரிசு பெரிசா இருக்கு" என்று சொல்லிவிடுங்கள். நம்பிவிடுவார், சந்தோஷமும் படுவார்.